சொல்லாமல் விட்ட சொல்



மூதூரில் ஒரு புளியமரத்தடியில் 1893ஆம் ஆண்டு நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. நமது திருகோணமலை மறைமாவட்டம் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பதால் அந்த ஆண்டு எனக்கு மறப்பதில்லை. ஆங்கிலக் கப்பற் தலைவர் ஒருவர் அம்மரத்தடியில் சிறைபிடிக்கப்பட்டார் என்பதே கல் சொல்லும் செய்தி. அவருடைய மகன் றொபேட் நொக்சைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்தார், தப்பினார், 1681இல் இலண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். பரீட்சைக்கு இவ்வளவும் போதும். அவர்கள் எப்படிப் பிடிபட்டார்கள் என்பதை நாம் அதிகம் கேட்பதில்லை.

1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினக் கரையில் வீசிய புயலில் அவர்கள் தங்கள் கப்பலின் பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்தது. புது மரம் ஏற்றவும் கொஞ்சம் வியாபாரம் செய்யவும் நமது கொட்டியார்க் குடாவுக்கு வந்து நங்கூரமிட்டார்கள். முதலில் பயந்து பயந்துதான் கரைக்கு வந்தார்கள். ஊரவர்கள் காசுக்கு உணவுப் பொருள்களைக் கொடுத்தார்கள். ஊர்த்தலைவன் நல்வரவு சொன்னான். இருபது நாளளவில் பயம் தெளிந்து, தம் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல் நடமாடினார்கள். இத்தனை நாளும் ஒன்றை மட்டும் செய்யவில்லை. அந்தக் கரை யாருடைய ஆட்சிக்குட்பட்டதோ அந்த இராசசிங்க மன்னனுக்கு, நாங்கள் இன்னார், இன்ன காரியத்துக்காக வந்திருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. அதனாலேயே அரசன் தம்மீது சந்தேகம் கொண்டிருக்க வேண்டும் என்று மகன் நொக்ஸ் பல ஆண்டுகளின் பின் எழுதி வைத்தார்.

அரசன் தன் திசாவையைப் படையோடு அனுப்பினான். கப்பற் தலைவரின் கையிலன்றி வேறெவரிடமும் கொடுக்கக்கூடாத அரச கடிதம் ஒன்று தன்னிடம் இருப்பதாகத் திசாவை சொன்னான். மாடும் பழங்களும் அன்பளிப்பாக வந்தன. தலைவர் யாதொரு சந்தேகமுமின்றிப் படகில் வந்து, புளியமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தார். படைவீரர் சத்தமில்லாமல் வளைத்துக்கொண்டார்கள். இது நடந்தது 1660 ஏப்பிரலில். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், கடலைக் காணாத ஓர் உள்நாட்டுக் கிராமத்தில், காய்ச்சல் கண்டு அந்தத் தந்தை இறந்தார். குழி தோண்டிப் புதைக்கவும் மகனுக்கு ஆள் உதவி கிடைப்பது அரிதாயிற்று.

ஒரு செய்தி அனுப்பியிருந்தால் தப்பியிருப்பார்களா? நான் சத்தியம் செய்யமாட்டேன். அந்த அரசனுக்கு அந்நியரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வேறு பல ஐரோப்பியரும் அவனிடம் அகப்பட்டுக் கிடந்தார்கள். ஆனாலும் பத்தொன்பது வயதில் பிடிபட்டு, இளமை முழுவதையும் தொலைத்த ஒரு மனிதன் திரும்பிப் பார்க்கையில் அவர் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது புயலல்ல, இழந்த பாய்மரமுமல்ல. சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டோமே என்பதுதான்.

இந்தக் கதையை நான் எடுத்ததற்குக் காரணம், பங்கு வாழ்வில் என்னிடம் வருகிற சச்சரவுகளில் பெரும்பாலானவை கொட்டியார்க் குடாவில் நடந்ததைப் போலவே தொடங்குகின்றன என்பதாகும். ஏசியதால், அடித்ததால் வந்த பிரிவுகள் நாம் எண்ணுவதைவிடக் குறைவு. "என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, சுவாமி" என்பதால் வந்த பிரிவுகளே அதிகம். தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசினது எனக்குக் கடைசியாய்த்தான் தெரியும். வேலியைத் தள்ளிப் போட்டது நான் சந்தையால வந்து பார்த்தபோதுதான் தெரியும். மகன் வெளிநாடு போனதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். செய்த காரியத்தில் பிழை இராது. அதை மற்றவர் வாயால் கேட்க நேர்ந்ததுதான் பிழை.

கரையோரப் பங்கொன்றில் இரு சகோதரர்கள் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே படகு, ஒரே இயந்திரம், வீடு திரும்பினால் இரு குடும்பத்துக்கும் ஒரே கிணறு. தம்பியின் கலியாணம் நெருங்கியபோது கையில் காசில்லை. தமையன் இயந்திரத்தை விற்றுக் கலியாணத்தை ஒப்பேற்றினார். கலியாண மாப்பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று அவரிடம் சொல்லவில்லை. தம்பிக்கோ வாடியில் நின்ற யாரோ, "அண்ணன் எஞ்சினை வித்துப்போட்டார், காசு எங்கயோ தெரியாது" என்று சொன்னார்கள். தம்பி கேட்கவில்லை, தமையன் சொல்லவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவென்று இவர் நினைத்தார். கேளாமலே என்னை நம்ப வேண்டாமா என்று அவர் நினைத்தார். ஏழு வருடம் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஒருவரோடொருவர் கதையாமல் இருந்தார்கள். தாயார் படுக்கையில் கிடந்தபோதுதான் விற்ற காசின் கணக்கு வெளியே வந்தது. தம்பி தலையிலடித்துக்கொண்டு அழுதார். அன்பினால் மறைத்த காரியம்கூட இப்படி முடியலாம்.

வேதாகமத்தில் யோசுவா ஆகமத்தின் இருபத்திரண்டாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஞாயிறு வாசகங்களில் அது வருவதில்லை, ஆகவே பலருக்குத் தெரியாது. ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசே கோத்திரத்தின் பாதியும் யோர்தானுக்குக் கிழக்கே குடியேறப் போகும் வழியில் ஆற்றோரத்தில் பெரியதொரு பலிபீடம் கட்டினார்கள். ஏன் கட்டுகிறோம் என்று எவருக்கும் சொல்லவில்லை. மேற்கேயிருந்த சகோதரர்கள், இவர்கள் கடவுளைவிட்டு விலகிப் போகிறார்களென்று முடிவுகட்டி, சீலோவில் போருக்குத் திரண்டார்கள். ஆனால் வாளை உருவுமுன் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: குருவாகிய பினகாசையும் பத்துத் தலைவர்களையும் அனுப்பி, இது என்னவென்று கேட்டார்கள். கேட்ட பின்னரே தெரிந்தது, அது பலியிடக் கட்டியதல்ல. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தாருக்குக் கடவுளில் பங்கில்லையென்று பின்னாளில் உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைத் தள்ளிவிடாதிருக்கச் சாட்சியாகக் கட்டியது என்று. ஒற்றுமைக்காகக் கட்டிய பீடம் ஒரு யுத்தத்துக்குக் காரணமாக இருந்தது! கேட்கப் போன அந்தப் பதினொரு பேரின் பிரயாணம் எத்தனை உயிரைக் காத்தது.

சீராக்கின் ஞானநூலும் இதையே வீட்டளவுக்குச் சுருக்கிச் சொல்கிறது. நண்பனைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டால் அவனையே கேள். ஒருவேளை அவன் அதைச் செய்யாமல் இருக்கலாம் என்பது அதன் கருத்து. நம் ஆண்டவரோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால், நீயே அவனிடம் போ, நீங்கள் இருவரும் தனித்திருக்கும்போது பேசு என்கிறார் (மத்தேயு 18). குற்றம் செய்தவன் வரட்டும் என்று சொல்லவில்லை. நொந்தவனைத்தான் எழுந்து போகச் சொல்கிறார். தனித்து என்ற சொல்லை நாம் இக்காலத்தில் முற்றாக மறந்துவிட்டோம். மனத்தாங்கலை வட்ஸ்அப் குழுவில், நாற்பது பேர் பார்த்திருக்க, பெயர் சொல்லாமல் எழுதுகிறோம். யாரைச் சொல்கிறோமென்று நாற்பது பேருக்கும் தெரியும். அந்த மனிதருக்குத் திரும்பி வர வழி அடைந்துபோகும். நாற்பது பேர்முன் தோற்றுப்போக எவருக்குத்தான் மனம் வரும்? குழுவை நடத்துகிறவர்கள் கோபிக்க வேண்டாம், நம் பங்குக் குழுக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தனியே போய்ப் பேசுவதிலும் நேரம் காலம் உண்டு. இரவு முழுவதும் கடலில் கிடந்து விடியப்புறம் வெறும் வலையோடு வந்த மனிதனிடம், படகைக் கரையேற்றுமுன் கடன்காரன் வந்து போனதைச் சொன்னால் எந்த மனைவிக்கும் நல்ல பதில் கிடைக்காது. குளிக்கட்டும், ஒரு வாய் சாப்பிடட்டும், கண்ணயர்ந்து எழும்பட்டும். அதேபோல், காலையில் ஐந்து மணிக்கு எழும்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, குசினியோடு மாரடித்து ஓய்ந்திருக்கும் மனைவியிடம், கறிக்கு உப்புக் கூடிப்போனதுதான் முதல் வார்த்தையாக வரவேண்டுமா? பேச்சைத் தொடங்கும் விதத்தையும் கவனியுங்கள். "நீ எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்கினால், கேட்பவர் அந்த "எப்பவும்" என்ற சொல்லோடுதான் சண்டை பிடிப்பார்; விசயம் பின்னால் நின்றுவிடும். "நேற்று நீ இப்படிச் சொன்னது எனக்கு நொந்துபோச்சு" என்று சொல்லிப் பாருங்கள். நேற்றைய ஒரு காரியம் மட்டும்தான் மேசையில் இருக்கும். கலியாணம் முடித்த நாள் முதல் உள்ள கணக்கெல்லாம் வராது.

இதையெல்லாம் சொல்கையில், இனிமையாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வள்ளுவர் இனிய சொல்லுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு முந்திய அதிகாரங்கள் அன்பும் விருந்தோம்பலும் என்பதைக் கவனித்தீர்களா? திசாவையும் இனிமையாகத்தான் பேசினான். மாடும் பழமும் கொடுத்தல்லவா பேசினான்! அன்பில்லாத இனிய பேச்சு தூண்டிலில் குத்திய இரைதான். நம் கரையோரச் சனங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒருவரிடம் காரியம் ஆகவேண்டியபோது மட்டும் "அண்ணை, அண்ணை" என்று குழைந்து, ஆனபின் முகம் திருப்பிப் போகிறவரை ஊர் இரண்டே தடவையில் இனங்கண்டுவிடும்.

புனித யாகப்பர் தமது நிருபத்தில் நாவைக் கப்பலின் சுக்கானுக்கு ஒப்பிடுகிறார். துறைமுகத்தில் வாழும் நமக்கு நல்ல உவமை. ஆனால் சுக்கான் பிடிக்கிறவன் கண்ணும் காதும் இல்லாமல் எப்படிப் பிடிப்பான்? மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் செவிடும் கொன்னையுமான ஒருவனை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். கூட்டத்தினின்றும் அவனைத் தனியே அழைத்துப் போகிறார். முதலில் காதுகளில் விரலை வைக்கிறார். அதன் பின்னரே நாவைத் தொடுகிறார். காதுகள் திறந்தன, பிறகு நாவின் கட்டு அவிழ்ந்தது, அவன் தெளிவாகப் பேசினான். ஞானஸ்நானச் சடங்கிலும் குரு குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் செபிக்கும் இடமொன்று உண்டு. அங்கும் காதுதான் முந்தி. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு 2022இல் கொடுத்த கருப்பொருள் இதயத்தின் செவியால் கேட்பதைப் பற்றியது. இதயத்திலிருந்து பேசுவதைப் பற்றிச் சொன்னது அதற்கடுத்த ஆண்டில்தான். ஒழுங்கு தற்செயலாக அமைந்ததென்று நான் நினைக்கவில்லை.

எம்மாவுசுக்குப் போன இருவரோடும் ஆண்டவர் நடந்தது ஏறத்தாழ 11 கிலோமீற்றர் வழி. நம் நகரிலிருந்து கன்னியா வெந்நீரூற்றையும் தாண்டிப் போகும் தூரம். நடந்தவை எல்லாம் அவருக்கே நடந்தவை. அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனாலும் என்ன கதைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். எருசலேமில் நடந்தது உமக்குத் தெரியாதா என்று கிலேயோப்பாஸ் சற்று எரிச்சலோடு சொன்னபோதும், எவை என்று மறுபடி கேட்டு, அவர்கள் தங்கள் ஏமாற்றத்தை முழுவதும் கொட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். அவர் கண்டித்ததும் விளக்கியதும் பிறகுதான். நாமோ பிள்ளை வாய் திறக்குமுன், "எனக்குத் தெரியும் நீ என்ன சொல்லப் போறாயெண்டு" என்கிறோம். பிள்ளை அடுத்த முறை நம்மிடம் வராது, வேறொருவரிடம் போகும். அந்த வேறொருவர் யாரென்று நமக்குத் தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நொக்ஸ் 1679இல் தப்பி வரும் வழியில் அனுராதபுரத்தில் தமிழர்கள் குடியிருந்த இடமொன்றை அடைந்தார். அவர் கற்றிருந்தது சிங்களம். அவர்களுக்கு அது விளங்கவில்லை. சிங்களம் தெரிந்த ஒருவர் வரும்வரை இரு பகுதியாரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்களாம். நம் மாவட்டத்தில் எத்தனை கந்தோர்களின் முன்னால் நம்மவர்கள் இப்படிப் பார்த்தபடி நின்றிருக்கிறார்கள்! 1956இல் சிங்களம் மட்டும் அரச கருமமொழியாக்கப்பட்டது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கருமமொழி என்று கூறியது. சட்டத்தில் எழுதியது கடிதத்தில் வருகிறதா என்பது வேறு விசயம். அதை உரிய இடத்தில் விடாமல் கேட்க வேண்டியது நம் உரிமை. எனினும் பக்கத்துக் கடைக்காரரோடு, ஒரே கடலில் வலை போடுகிறவரோடு பேசச் சட்டம் வரத் தேவையில்லை. அவருடைய மொழியில் சுகம் விசாரிக்க நான்கு வார்த்தை கற்றுக்கொள்வதால் நம் தமிழ் குறைந்துபோகாது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரரோடோ நமக்கு மொழியும் ஒன்று. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை துறையில் ஒன்றாகக் காத்துநின்று ஊர்க்கதை பேசினோம். இப்போது ஒரு நிமிடத்தில் கடந்து போய்விடுகிறோம். பாலம் வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் காத்திருப்பில் நடந்த பேச்சுக்கு இடம் எங்கே வைத்தோம் என்றுதான் கேட்கிறேன்.

நொக்சின் கதையில் இன்னுமொன்று இருக்கிறது. பிடிபட்ட தலைவர், கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லி மாலுமிகளுக்குக் கட்டளை அனுப்பும்படி நிர்ப்பந்திக்கப்பட்டார். மகனையே தூதாக அனுப்பினார். கப்பலைக் கொண்டுவர வேண்டாம், காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்பதே அவர் மகனிடம் இரகசியமாகச் சொன்னது. ஆனால் நீ என்னைக் கைவிடாமல் திரும்பி வா என்றும் கேட்டார். மகன் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். கப்பலில் ஏறியவன் அங்கேயே இருந்திருக்கலாம். தடுக்க யாருமில்லை, பாய் விரித்தால் வீடு. சொன்ன சொல்லுக்காகப் படகிறங்கித் திரும்பி வந்து பத்தொன்பது வருடத்துக்குத் தன்னைக் கொடுத்தான். "பின்னேரம் வாறன்" என்று சொல்லிவிட்டு வராமலிருப்பதை நாம் ஒரு குற்றமாகவே கருதுவதில்லை. நோயாளி ஒருவர் கதவைப் பார்த்தபடி அன்று பின்னேரம் முழுவதும் கிடந்திருப்பார்.

இதை எழுதுகிற நான் இதில் தேர்ந்தவனென்று யாரும் எண்ணிவிடக்கூடாது. முன்பு நான் பணியாற்றிய பங்கொன்றில் முதியவர் ஒருவர் இருபது வருடத்துக்கு மேல் திருவிழாக் கணக்குகளைப் பார்த்து வந்தார். எழுத்து நடுங்கத் தொடங்கியிருந்தது; கூட்டல்களில் பிழை வந்தது. இளைஞர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுப்பதென்று தீர்மானித்தேன். தீர்மானம் சரிதான். பெரியவரிடம் முன்கூட்டிப் போய்ச் சொல்ல வேண்டுமென்றும் நினைத்தேன். அந்தக் கிழமை வேலை, அடுத்த கிழமை தியானம். உண்மையைச் சொன்னால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தல்களோடு அறிவித்தலாக வாசித்துவிட்டேன். மூன்றாம் வாங்கிலில் இருந்த அவர் தலையைக் குனிந்தார். அடுத்த ஞாயிறு வரவில்லை. பிறகு வேறு கோவிலுக்குப் போகிறார் என்று சொன்னார்கள். வயதானவர்கள் தொட்டதற்கெல்லாம் கோபிப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மன்னிப்பைப் பற்றி அந்த வருடத்தில் எத்தனை பிரசங்கம் வைத்தேனோ தெரியாது.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. தபசு காலத்தில் ஒருநாள் மத்தேயுவின் அதே பகுதியைப் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அவர் விறாந்தையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்ப முயன்றார், கால் ஒத்துழைக்கவில்லை. வழியெல்லாம் யோசித்து வந்த வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஐயா, நான் உங்களிட்ட முதல்ல வந்து சொல்லியிருக்க வேணும். சொல்லாமல் விட்டது என்ர பிழை" என்றேன்.

அவர் கொஞ்சநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்கை நான் தாறதுக்குத்தான் இருந்தனான், சுவாமி. கண்ணும் தெரியேல்ல. நீங்கள் வருவீங்கள், புத்தகத்தைத் தரவேணுமெண்டு அந்தக் கிழமை முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தன்" என்றார். உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டு, சுவாமிக்குத் தேத்தண்ணி கொண்டு வரச் சொன்னார். தேத்தண்ணியோடு அந்தப் பழைய கணக்குப் புத்தகமும் வந்தது. நீல உறை போட்டு, கடைசிப் பக்கத்தில் மிச்சக் காசை உறையிலிட்டு ஒட்டி, என் கையில் கொடுப்பதற்கென்று ஒரு வருடத்துக்கு முன்பே அவர் ஆயத்தமாக வைத்திருந்த புத்தகம்.